போர்க்காலத் துப்பாக்கி வாரிசுக்கு வந்தால்: விற்பதா, வைத்திருப்பதா?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கங்களில் வீட்டுப் பெரியவர் காலமாகி, பதினாறாம் நாள் காரியம் முடிந்து, நிலப் பத்திரங்களைத் தேடி இரும்புப் பெட்டியைத் திறக்கும்போது, சில குடும்பங்களுக்குப் பத்திரங்களோடு ஒரு துப்பாக்கியும் கிடைக்கிறது. மிராசுதார் வீட்டு இரட்டைக்குழல் துப்பாக்கி என்றால் அது ஊருக்கே தெரிந்த பொருள். பர்மா முனையிலிருந்து திரும்பிய தாத்தாவின் ரிவால்வர் என்றால், பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாமல் பழைய வேட்டிக்குள் சுற்றிக் கிடந்திருக்கும். முதல் உலகப் போரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து சென்றார்கள். இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படை ஏறத்தாழ 25 லட்சம் பேராக வளர்ந்தது. அவர்களில் சிலருடைய துப்பாக்கி இன்றும் ஏதாவது ஒரு வீட்டுப் பரணில் இருப்பது வியப்பில்லை.

இப்படிக் கிடைத்தவுடன் விற்றால் என்ன வரும் என்று ஒருவர் கேட்பார். தாத்தா ஞாபகமாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று இன்னொருவர் சொல்வார். இந்த இரண்டு பேச்சுக்கும் முன்னால், அந்தத் துப்பாக்கி இன்றைய தேதியில் சட்டப்படி அந்த வீட்டில் இருக்கலாமா, அது எந்த வகையைச் சேர்ந்தது, அதைத் தன் பெயரில் ஏற்றுக்கொள்ளத் தகுதியும் விருப்பமும் உள்ள ஒருவர் குடும்பத்தில் இருக்கிறாரா என்ற மூன்றுக்கும் விடை தெரிந்திருக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றியதால் வழக்கில் போய் நின்ற குடும்பங்கள் உண்டு. ஆகவே இந்தக் கட்டுரையும் அதே வரிசையில் செல்கிறது.

கண்டெடுத்த அன்று

கையில் எடுத்துப் பார்க்கும் ஆசையை முதலில் அடக்க வேண்டும். எத்தனை ஆண்டுகளாகச் சுடப்படாத துப்பாக்கியானாலும் அதற்குள் தோட்டா இல்லை என்று வெளியிலிருந்து பார்த்து யாரும் உறுதி சொல்ல முடியாது. துருப்பிடித்து இறுகிய பாகத்தைத் தட்டித் திறக்க முயல்வதும், விசை வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்ப்பதும் உயிருக்கு ஆபத்தானவை. பெட்டியை அப்படியே மூடி, அந்த அறையைப் பூட்டி, குழந்தைகளை அண்டவிடாமல் பார்த்துக்கொண்டால் அன்றைக்கு அது போதும். துப்பாக்கியோடு கையெறி குண்டு போலவோ பீரங்கிக் குண்டு போலவோ ஏதேனும் இருந்தால் அதைத் தொடவே கூடாது. உடனே காவல் நிலையத்துக்குச் சொல்லி, வெடிகுண்டு செயலிழக்கச் செய்யும் பிரிவை வரவழைக்க வேண்டும்.

துப்பாக்கி உரிமம் ஒரு தனி மனிதருக்குக் கொடுக்கப்படுவது. வீட்டுக்கோ குடும்பத்துக்கோ கொடுக்கப்படுவதில்லை. உரிமதாரர் இறந்ததும், மனைவி மக்கள் உட்பட அந்த வீட்டில் வேறு யாருக்கும் அதை வைத்திருக்கும் உரிமை கிடையாது. இப்படி உரிமை முடிந்துபோன துப்பாக்கியைத் தேவையற்ற தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற துப்பாக்கி விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு சொல்கிறது. ஒப்படைத்தால் துப்பாக்கி கையை விட்டுப் போய்விடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்தப் பிரிவே, குறித்த காலத்துக்குள் வாரிசு உரிமம் பெற்றுத் திரும்ப வாங்கிக்கொள்ளவும், அல்லது தகுதியுள்ள ஒருவருக்கு விற்று அந்தப் பணத்தைப் பெறவும் வழி செய்திருக்கிறது. அந்தக் காலம் கடந்தால்தான் துப்பாக்கி அரசுக்குப் போகும். எனவே முதலில் ஒப்படைப்பு, பிறகு ஆலோசனை என்பதே பாதுகாப்பான வழி. ஒப்படைக்கும்போது துப்பாக்கியின் எண், வகை, தோட்டாக்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் எழுதப்பட்ட ரசீதைக் கையோடு வாங்கிவிட வேண்டும்.

உரிமமே எடுக்கப்படாத துப்பாக்கி என்றால் நிலைமை இன்னும் கடுமையானது. சாதாரண வகைத் துப்பாக்கியை உரிமமின்றி வைத்திருந்தால் 2019-இல் திருத்தப்பட்ட சட்டப்படி குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறையும் அபராதமும் விதிக்கப்படலாம். தடைசெய்யப்பட்ட வகையானால் ஏழு முதல் பதினான்கு ஆண்டு. ஒரு பொருள் வீட்டில் இருந்தது என்பது மட்டும் குற்றமாகாது, அது இருப்பது தெரிந்து, தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தால்தான் குற்றம் என்று 1972-இல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. இதனால் பெட்டியைத் திறந்த நாள் மிக முக்கியமான நாளாகிறது. அதுவரை தெரியாது என்று சொல்ல உங்களுக்கு நியாயம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாள் தாமதமும் அந்த நியாயத்தைத் தேய்க்கிறது.

அன்றைக்கே ஒரு வழக்கறிஞரைப் பார்த்து, என்றைக்கு, எந்த அறையில், எந்தப் பெட்டியில், யார் யார் முன்னிலையில் அது கண்டெடுக்கப்பட்டது, அது யாருடையது, யாரும் அதைத் தொடவில்லை என்ற விவரங்களை எழுதி, வந்து எடுத்துச் செல்லும்படி காவல் நிலையத்துக்கு மனுக் கொடுக்க வேண்டும். மனுவைத்தான் கொண்டு போக வேண்டும். துப்பாக்கியைப் பையில் போட்டுப் பேருந்திலோ இரு சக்கர வாகனத்திலோ எடுத்துச் செல்லக் கூடாது, ஏனென்றால் உரிமமின்றி அதை ஏந்திச் செல்வதும் குற்றமே. கிராம நிர்வாக அலுவலருக்கும் ஒரு நகல் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்கி வைப்பது நல்லது. இவ்வளவுக்குப் பிறகும் காவல் துறை வழக்குப் பதிவு செய்யலாம் என்பதை மறைத்துப் பயனில்லை. அப்படிச் செய்தாலும், அன்றைய தேதியிட்ட அந்த மனுதான் உங்கள் பக்கத்து முதல் சாட்சி.

இந்த அச்சத்தில்தான் சிலர் இரவோடு இரவாக ஆற்றிலோ கிணற்றிலோ போட்டுவிடலாம் என்று நினைக்கிறார்கள். காவிரியும் அதன் கிளைகளும் மேட்டூர் திறப்பதற்கு முந்தைய மாதங்களில் மணல் திட்டாகக் கிடப்பவை. குடிமராமத்துக்கும் தூர் வாருவதற்கும் இயந்திரங்கள் இறங்குகிற வாய்க்கால்களில் எதுவும் மறைந்தே போய்விடுவதில்லை. துப்பாக்கியில் எண் இருக்கிறது. பழைய உரிமப் பதிவேட்டில் அதே எண்ணோடு உங்கள் அப்பாவின் பெயர் இருந்தால், கேள்வி உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும். அந்த எண்ணை அரம் கொண்டு தேய்த்து அழிப்பதைச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு தனியாகவே தடை செய்கிறது.

காகிதங்களைத் தேடுவது

பெரியவரின் உரிமப் புத்தகம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அதில் துப்பாக்கியின் வகை, எண், வாங்கிய தோட்டாக்களின் கணக்கு, புதுப்பித்த தேதிகள் எல்லாம் இருக்கும். டி.பி.பி.எல். என்றிருந்தால் பின்பக்கம் தோட்டா போடும் இரட்டைக்குழல் துப்பாக்கி, எஸ்.பி.பி.எல். என்றால் ஒற்றைக்குழல். புத்தகம் கிடைக்காவிட்டால், தேர்தல் காலங்களில் காவல் நிலையத்தில் ஒப்படைத்து வாங்கிய ரசீதுகளைத் தேடிப் பாருங்கள். தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமத் துப்பாக்கிகளை நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கமாதலால், ஒழுங்காக வைத்திருந்த பெரியவர்களின் பெட்டியில் அந்த ரசீதுகள் நிச்சயம் இருக்கும்.

ரசீதும் இல்லையென்றால் ஆட்சியர் அலுவலகப் பதிவேடுதான் கதி. இங்கே டெல்டாக்காரர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 1991 வரை இது முழுவதும் ஒரே தஞ்சாவூர் மாவட்டமாக இருந்தது; அந்த ஆண்டு நாகப்பட்டினமும், 1997-இல் திருவாரூரும், 2020-இல் மயிலாடுதுறையும் தனி மாவட்டங்களாயின. நன்னிலத்துக்காரர் ஒருவர் 1950-களில் வாங்கிய உரிமத்தின் கோப்பு தஞ்சாவூரில் பிறந்து, நாகப்பட்டினம் போய், திருவாரூரில் வந்து சேர்ந்திருக்க வேண்டும். வழியில் எங்கேயாவது தங்கியும் இருக்கலாம். ஆகவே ஒரே அலுவலகத்தில் இல்லையென்றதும் சோர்ந்துவிடாமல், பழைய மாவட்டத் தலைநகரங்களிலும் எழுத்து மூலமாகக் கேட்க வேண்டும். திருச்சி மாநகர எல்லைக்குள் இருப்பவர்களுக்கு உரிம அதிகாரி மாநகரக் காவல் ஆணையர். மற்றவர்களுக்கு மாவட்ட ஆட்சியர்.

கூடவே வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அதில் மகள்களின் பெயரும் இருக்கும், இருக்க வேண்டும். நிலப் பாகப்பிரிவினையில் அத்தையையும் அக்காவையும் கேட்காமல் முடித்துப் பழகிய சில குடும்பங்கள் இதிலும் அப்படியே செய்யப் பார்க்கின்றன. ஆனால் துப்பாக்கியை ஒருவர் பெயருக்கு மாற்றுவதானாலும் விற்பதானாலும் மற்ற வாரிசுகள் அனைவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் கோப்பு நகராது. எழுபது வயதான அம்மாவுக்கும் அதில் பங்கு உண்டு என்பதை மறந்து, கையெழுத்துக்கு மட்டும் அவரிடம் போவது முறையும் அல்ல.

அது என்ன துப்பாக்கி

விற்பதா வைத்திருப்பதா என்ற கேள்விக்கான பாதி விடை துப்பாக்கியின் குழல் அளவில் இருக்கிறது. கடைக்காரர்கள் பி.பி., என்.பி.பி. என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள். முதலாவது தடைசெய்யப்பட்ட வகை, இரண்டாவது சாதாரண வகை. படையில் பயன்படும் தோட்டாவை ஏற்கும் துப்பாக்கிகளையே 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் தடைசெய்யப்பட்ட வகையில் வைத்திருக்கின்றன: .303 ரைபிள், 7.62 மில்லிமீட்டர் ரைபிள், .410 மஸ்கட், .380 மற்றும் .455 ரிவால்வர்கள், 9 மில்லிமீட்டர் பிஸ்டல், .45 பிஸ்டல். போர்க்காலத் துப்பாக்கி என்று நாம் சொல்பவற்றில் பெரும்பாலானவை இந்தப் பட்டியலில்தான் விழுகின்றன. இவற்றை வைத்திருக்க மாவட்ட ஆட்சியரின் உரிமம் போதாது. மத்திய அரசின் தனி அனுமதி வேண்டும்.

அடையாளம் காண்பதற்கு உதவும் சில குறிகள் உண்டு. அவற்றைத் துப்பாக்கி காவல் நிலையத்திலோ விற்பனையாளரிடமோ சேர்ந்து, தோட்டா இல்லை என்று அவர்கள் பார்த்துச் சொன்ன பிறகு, அவர்கள் முன்னிலையில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். லீ-என்ஃபீல்டு .303 ரைபிளில் கட்டையும் இரும்பும் சேரும் இடத்தில் ஒரு பட்டை இருக்கும். அதன் வலப் பக்கத்தில் கிரீடமும், அதன் கீழே ஜி.ஆர்.ஐ. என்ற எழுத்துகளும், இஷாப்பூர் என்ற ஊர்ப் பெயரும், அதற்கடியில் ஆண்டும் பொறிக்கப்பட்டிருந்தால், அது வங்காளத்தில் உள்ள இஷாப்பூர் தொழிற்சாலையில் அந்த ஆண்டில் செய்யப்பட்டது. வெப்லி ஆறாம் மாதிரி ரிவால்வரின் உடலில் வெப்லி என்ற பெயரோடு 1915 அல்லது அதை ஒட்டிய ஆண்டு தெரியும்; அது .455. அதற்குப் பின் வந்த என்ஃபீல்டு இரண்டாம் எண் ரிவால்வர் 1932-இல் படைக்கு ஏற்கப்பட்டது, அது .380. ஜப்பானிய அரிசாகா ரைபிளின் மேற்பகுதியில் பதினாறு இதழ்ச் சாமந்திப்பூ முத்திரை இருக்கும்; சரணடைந்தபோது அந்த முத்திரை பல ரைபிள்களில் தேய்த்து அழிக்கப்பட்டது.

இவற்றைவிடக் கவனமாகத் தேட வேண்டியது மூன்று கோடுகளாலான அம்புக்குறி. பிரிட்டிஷ் அரசின் உடைமை என்பதற்கான அடையாளம் அது. இரண்டு அம்புக்குறிகள் முனையோடு முனை சேர்ந்தாற்போல் இருந்தால், அரசு அதை முறைப்படி விற்றுவிட்டது என்று பொருள். முதல் உலகப் போரின்போது அதிகாரிகள் தங்கள் ரிவால்வரைத் தாங்களே விலைக்கு வாங்கிக்கொள்வது வழக்கமாக இருந்ததால், விற்பனைக் கடையின் பெயர் பொறித்த துப்பாக்கிகளும் உண்டு. அவை பெரியவரின் சொந்தப் பொருள் என்று காட்ட உதவும். ஒற்றை அம்புக்குறியோடு, காகிதம் எதுவும் இல்லாமல் கிடைக்கும் ரைபிள் படையின் கணக்கில் இருந்து வெளியே வந்ததாகவே இருக்கக்கூடும். அந்த நிலையில் விற்பதைப் பற்றிப் பேசவே இடமில்லை. அதை அரசிடம் சேர்ப்பதுதான் வழி.

குடும்பக் கதைகளையும் இந்தக் குறிகளோடு வைத்துச் சரிபார்க்க வேண்டும். தாத்தா மலாயாவிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலில் வந்தபோது கொண்டு வந்தது என்று சொல்லப்படும் துப்பாக்கியில் 1950-களின் ஆண்டு பொறிக்கப்பட்டிருந்தால், கதையில் இரண்டு மனிதர்களோ இரண்டு பொருள்களோ கலந்துபோயிருக்கின்றன என்று அர்த்தம். அதனால் தாத்தாவின் சேவை பொய்யாகிவிடாது. துப்பாக்கியின் மேல் நாம் ஏற்றி வைத்த நினைவு மட்டும் வேறு இடத்துக்கு உரியது என்று தெரிய வரும். முடிவெடுக்கும்போது அது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

பழம்பொருள் என்ற வாதம்

இவ்வளவு பழைய துப்பாக்கிக்கு உரிமம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 45-ஆவது பிரிவு, பழைய மாதிரியிலான, பழம்பொருள் மதிப்புள்ள அல்லது பழுதடைந்த ஆயுதத்துக்கு விலக்கு அளிப்பது உண்மை. ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடப் பயன்படாத நிலையில் அது இருக்க வேண்டும் என்பதும் அங்கேயே சொல்லப்பட்டிருக்கிறது. துரு ஏறியதாலேயே ஒரு ரிவால்வர் அந்த நிலையை அடைந்துவிடுவதில்லை. நல்ல கைவினைஞர் ஒரு வாரத்தில் அதைச் சுடும்படி செய்துவிட முடியும் என்றால் விலக்கு இல்லை. 2020 பிப்ரவரியில் மத்திய உள்துறை அமைச்சகம் அரும்பொருள் வகையைச் சேர்ந்த சிறு ஆயுதங்களை வைத்திருக்க உரிமம் வேண்டாம் என்று தளர்த்தியது. அவற்றைப் பயன்படுத்தவோ ஏந்திச் செல்லவோ உரிமம் வேண்டும். உங்கள் துப்பாக்கி அந்த வகையில் சேருமா என்பதை உரிம அதிகாரி எழுத்தில் சொல்ல வேண்டுமே தவிர, நாமாகவோ, தெரிந்தவர் ஒருவர் வாய்மொழியாகவோ முடிவு செய்துகொள்ளக் கூடாது.

விலக்குக் கிடைக்கட்டும் என்று லேத் பட்டறையில் கொடுத்துக் குழலை அடைப்பது, வெல்டிங் வைப்பது போன்றவற்றையும் செய்ய வேண்டாம். துப்பாக்கியை மாற்றுவதற்கும் பழுது பார்ப்பதற்கும் தனி உரிமம் பெற்றவர்கள் மட்டுமே அதைத் தொடலாம்.

யார் வைத்துக்கொள்வது

வைத்துக்கொள்வது என்று பேசும்போது, பெரும்பாலும் குடும்பம் வைத்துக்கொள்வது என்ற பொருளில்தான் பேசுகிறோம். சட்டத்தில் அப்படி ஒரு நிலை இல்லை. நடைமுறையிலும் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பொதுச் சொத்தாக வைக்கப்பட்ட துப்பாக்கிக்குப் பொறுப்பாளி என்று யாரும் இருப்பதில்லை. உரிமத்தைப் புதுப்பிக்கும் தேதி வரும்போது அண்ணன் தம்பியைப் பார்ப்பார், தம்பி சென்னையில் இருப்பார், இருவரும் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மறந்துவிடுவார்கள். ஆகவே பெயர் சொல்லக்கூடிய ஒருவர் வேண்டும்.

அவர் 21 வயது நிரம்பியவராக, குற்றப் பின்னணி இல்லாதவராக, உடலும் மனமும் நலமாக உள்ளவராக இருக்க வேண்டும். மருத்துவச் சான்றும் பாதுகாப்புப் பயிற்சியும் கேட்கப்படும். காவல் துறையின் அறிக்கை சாதகமாக வர வேண்டும். அவர் பெயரில் ஏற்கெனவே இரண்டு துப்பாக்கிகள் இருந்தால் மூன்றாவதை ஏற்க முடியாது. 2019-இன் திருத்தம் ஒருவருக்கு இரண்டு என்ற வரம்பை வாரிசாக வரும் துப்பாக்கிக்கும் சேர்த்தே விதித்திருக்கிறது. பேத்தியாக இருந்தாலும் தடையில்லை. தாத்தாவின் படைச் சேவையைப் பற்றி வீட்டிலேயே அதிகம் கேட்டறிந்தவர் பேத்தி என்றால், பேரன்கள் இருக்கிறார்கள் என்பதற்காக அவரை ஒதுக்குவது நியாயமில்லை.

2016-ஆம் ஆண்டு விதிகளின் 25-ஆவது விதி வாரிசுகளுக்கு உரிமம் வழங்குவதைப் பற்றியது. பெரியவர் உயிரோடிருக்கும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். உரிமதாரருக்கு 70 வயதானாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, அவரே தம் வாரிசுகளில் ஒருவரைப் பெயர் சொல்லி நியமிக்கலாம். அந்த வாரிசு தகுதியுள்ளவராக இருந்தால் உரிமம் அவருக்கு வழங்கப்படலாம். பெரியவர் தம் வாயால் இன்னாருக்கு என்று சொல்லி மாற்றிக் கொடுத்தால், பின்னால் அண்ணன் தம்பிக்குள் மனத்தாங்கல் வராது. காரியம் முடிந்த வீட்டில் அழுகையோடு அழுகையாக இதையும் பேசும் நிலை எவருக்கும் வேண்டாம்.

தகுதிக்கு அடுத்தபடியாக இருப்பிடத்தைப் பார்க்க வேண்டும். டெல்டாவில் எத்தனையோ பெரிய வீடுகளில் இன்று வயதான அம்மாவும் ஓர் உதவிப் பெண்ணும் மட்டும் இருக்கிறார்கள். பிள்ளைகள் சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை திருவிழாவுக்கு வந்து போகிறவர் துப்பாக்கிக்குப் பொறுப்பாளியாக இருக்க முடியாது. பூட்டிக் கிடக்கும் வீட்டில் துப்பாக்கி இருப்பது ஊருக்குத் தெரிந்திருந்தால், அந்த அம்மாவின் பாதுகாப்புக்கே அது பகை. இந்த நிலையில் உள்ள குடும்பங்கள் விற்றுவிடுவதோ அரசிடம் கொடுத்துவிடுவதோ மட்டுமே சரி என்று தயக்கமில்லாமல் சொல்வேன். வீட்டில் மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவரோ, குடிப்பழக்கம் உள்ளவரோ இருந்தாலும் இதே விடைதான். அங்கே பரம்பரைப் பெருமை என்ற பேச்சுக்கு இடமில்லை.

வைத்துக்கொள்வதென்று முடிவானால் பராமரிப்பு ஒரு தொடர் வேலை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வேதாரண்யம், நாகை, தரங்கம்பாடிப் பக்கமானால் ஆண்டு முழுவதும் உப்புக் காற்று. தோல் உறைக்குள் துப்பாக்கியை வைத்தால் தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்; ஆறு மாதத்துக்குப் பிறகு பார்த்தால், பித்தளைக் குமிழ்களைச் சுற்றிப் பச்சைப் பூஞ்சைபோல் களிம்பு ஏறியிருக்கும், அதைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பில் அதே வட்ட வடிவில் துருக் குழி விழுந்திருக்கும். உறை வேறு, துப்பாக்கி வேறு, தோட்டா வேறு என்று பிரித்துப் பூட்டி வைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும். துப்பாக்கிக்கென்று விற்கும் மெல்லிய எண்ணெயை லேசாகத் தடவினால் போதும். குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளி போட்டுத் தேய்ப்பதும், உப்புத்தாள் போடுவதும் முத்திரைகளை அழித்துவிடும். உரிமத்தை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். போர்க்காலத் தோட்டாக்களைச் சுட்டுப் பார்க்கும் எண்ணமே வேண்டாம். அவற்றை ஒப்படைத்துவிடுவது நல்லது.

விற்பதென்றால்

விலையைப் பற்றி முதலில் ஒரு தெளிவு வேண்டும். அமெரிக்க ஏலங்களில் ஒரு வெப்லி ரிவால்வர் இத்தனை ஆயிரம் டாலருக்குப் போனது என்று கைபேசியில் பார்த்துவிட்டு, அதை ரூபாயில் பெருக்கிக் கணக்குப் போடுவதில் பொருளே இல்லை. அந்தச் சந்தைக்கு உங்கள் துப்பாக்கி போக முடியாது. ஆயுத ஏற்றுமதிக்குத் தனி அனுமதி வேண்டும். முதல் உலகப் போர்க்காலத்தது போல் நூறாண்டு கடந்ததானால், 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தனியார் எவரும் அதை நாட்டுக்கு வெளியே அனுப்பவே முடியாது. உள்நாட்டில் தடைசெய்யப்பட்ட வகையை வாங்க மத்திய அரசின் அனுமதி உள்ளவர் வேண்டும்; அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலர். ஆகவே .303 அல்லது .455 வைத்திருக்கும் குடும்பம் பணத்தை எதிர்பார்த்து முடிவெடுக்கக் கூடாது. போர்க்காலத்தில் வாங்கிய பன்னிரண்டாம் எண் இரட்டைக்குழல் துப்பாக்கி போன்ற சாதாரண வகையாக இருந்தால் வாங்குபவர் கிடைப்பார்.

விற்பனைக்கு இரண்டு வழிகள் உள்ளன. உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் கொடுப்பது ஒன்று. அவர் பதிவேட்டில் எழுதி, ரசீது தருவார், விலை சற்றுக் குறைவாகவே இருக்கும். உரிமம் வைத்திருக்கும் தனி மனிதருக்கு நேரடியாக விற்பது மற்றொன்று. அதற்கு முன் மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ வாங்குபவரின் பெயர், முகவரியோடு எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழிந்த பிறகே துப்பாக்கியைக் கைமாற்ற வேண்டும். முன்பணம் கொடுத்துவிட்டு இன்றைக்கே கொடுங்கள், காகிதம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவசரப்படுத்துபவர் எவ்வளவு நெருங்கிய உறவினராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். அந்தத் துப்பாக்கி நாளை எங்கே சுடப்பட்டாலும், பதிவேட்டில் கடைசியாக இருக்கும் பெயர் உங்கள் வீட்டுப் பெயர்.

கொடுத்துவிடுவதென்றால்

தாத்தாவின் நினைவுக்கு ஓர் இடம் வேண்டும், ஆனால் வீட்டில் வைக்க வழியில்லை என்ற குடும்பங்களுக்கு நான் பரிந்துரைப்பது அருங்காட்சியகம். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கும், புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கும், மெட்ராஸ் ரெஜிமெண்டில் பணியாற்றியவரின் குடும்பமானால் நீலகிரி வெலிங்டனில் உள்ள அந்த ரெஜிமெண்டின் மையத்துக்கும் எழுதிக் கேட்கலாம். எல்லாவற்றையும் அவர்கள் ஏற்பதில்லை. யாருடையது, எந்தப் படைப்பிரிவு, எந்த முனை என்பதற்கான காகிதங்களோடு வரும் சாதாரண ரைபிளுக்கு, எந்த விவரமும் இல்லாமல் வரும் அரிய ரிவால்வரைவிட மதிப்பு அதிகம். ஆகவே படைவிலகல் சான்று, சம்பளப் புத்தகம், கடிதம், புகைப்படம் ஆகியவற்றின் நகல்களைச் சேர்த்தே எழுதுங்கள். துப்பாக்கி காவல் நிலையக் காவலில் இருக்கும்போதே கடிதப் போக்குவரத்தைத் தொடங்கி, அருங்காட்சியகத்தின் சம்மதக் கடிதத்தை ஆட்சியரிடம் காட்டி, அங்கிருந்தே நேராக மாற்ற உத்தரவு கேட்க வேண்டும்.

அரசிடமே விட்டுவிடுவதானால் நடைமுறை எளிது. ஒப்படைப்பு ரசீதோடு, வாரிசுகள் அனைவரும் கையொப்பமிட்டு, எங்களுக்கு இதில் உரிமை வேண்டாம் என்று மனுக் கொடுத்தால் போதும். பதக்கங்கள், தோல் உறை, சீருடைப் பொத்தான்கள், கடிதங்கள் ஆகியவற்றுக்கு உரிமம் தேவையில்லை. இவை வீட்டிலேயே இருக்கலாம். கையை விட்டுப் போகும் முன்பு துப்பாக்கியின் முத்திரைகளையும் எண்ணையும் படமெடுத்து, பெரியவரைப் பற்றி அம்மாவும் அத்தையும் சொல்வதையெல்லாம் தேதியிட்டு எழுதி, அந்தப் படங்களோடு சேர்த்து வையுங்கள். போர் முனையிலிருந்து வந்தவரைப் பார்த்த கடைசித் தலைமுறை இப்போது எண்பதுகளில் இருக்கிறது.

எந்த வழியில் போனாலும், முடிவில் பழைய உரிமத்தை ஆட்சியர் அலுவலகத்தில் ஒப்படைத்து, அது ரத்தானது அல்லது வாரிசின் பெயரில் புதிய உரிமம் வழங்கப்பட்டது என்ற உத்தரவின் நகலைப் பெற வேண்டும். அந்த உத்தரவு, காவல் நிலைய ரசீது, விற்பனை ரசீது அல்லது அருங்காட்சியகத்தின் ஏற்புக் கடிதம், வாரிசுகளின் சம்மதக் கடிதம் ஆகியவற்றின் நகல்களை ஒவ்வொரு வாரிசும் தனித்தனியே ஒரு தொகுப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டை விற்கும்போதோ, பிள்ளைகளில் ஒருவர் வெளிநாட்டு வேலைக்குக் காவல் துறைச் சான்று கேட்கும்போதோ, பழைய பதிவேட்டைப் பார்த்து யாராவது கேள்வி எழுப்பினால் அந்தத் தொகுப்பைக் காட்டலாம்.